படிக்க ஒன்றுமில்லாத திரை

வீட்டுச் சாதனங்களோடு வரும் கையேட்டை யாரும் படிப்பதில்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கையேடுகளை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்கு இதில் வருத்தம் கிடையாது. துணி துவைக்கும் இயந்திரம் வந்திறங்கிய அன்றே அதன் கையேடு அலமாரித் தட்டில் விரித்த காகிதமாகிவிடும். படிக்கவே தேவையில்லாதபடி ஒரு பொருள் இருந்தால் அதுதான் நல்ல பொருள். நம் குழுவில் சேர்ந்த முதல் நாள் அறிமுகப் பக்கத்தில் இதைத்தான் எழுதினேன். ஒருங்கிணைப்பாளரான நீங்களும் அதற்குக் கைதட்டும் படம் ஒன்று போட்டிருந்தீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க் மாற்றும் திரையில் இருந்த எச்சரிக்கை வாசகமும் எண் கேட்கும் கட்டமும் ஏன் எடுக்கப்பட்டன, பதினோரு வீடுகளில் எல்லாம் அழிந்துபோகும் அளவுக்கு அது எப்படிப் போனது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கூடவே, "இது நம் வழக்கமான விசாரணைதான், யாரையும் குறை சொல்ல அல்ல" என்றும் ஒரு வரி. நம் குழுவின் இந்த வழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். யார் செய்தது என்று நாம் கேட்பதில்லை. எப்படிச் செய்ய முடிந்தது என்று மட்டும் கேட்கிறோம். அந்த வழக்கத்தை நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

விசாரணை அறிக்கைகளை நாம் எல்லோருக்கும் திறந்து வைப்பதால், நம் மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சில வரிகள். வீட்டில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நாலு புத்தகம் அடுக்கிய உயரம். குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் இருக்கும் படம், வீடியோ, பதிவு செய்த குரல் எல்லாம் யாரும் எதுவும் செய்யாமலே அதற்குள் வந்து சேர்ந்துகொள்ளும். பெட்டிக்குள் மேல் அறையில் ஒரு டிஸ்க், கீழ் அறையில் ஒரு டிஸ்க். ஒன்றில் இருப்பதெல்லாம் இன்னொன்றிலும் இருக்கும். ஒன்று கெட்டுப்போனால் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று செருகினால் போதும், நல்ல டிஸ்க்கைப் பார்த்துப் புதியது எழுதிக்கொள்ளும். இதை இயக்கும் மென்பொருளை ஒரு நிறுவனமும் விற்பதில்லை. நம்மைப் போன்றவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுகிறோம். யார் என்ன மாற்றினாலும் பெயரோடு, தேதியோடு எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்தே கிடக்கும். கையேட்டைப் போலத்தான், அதையும் யாரும் படிப்பதில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டி பின்னறையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்தான் வைத்தேன். என் கணவர் போனிலும் என் போனிலும் எங்கள் பெண்ணின் போனிலும் நானேதான் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். கல்யாணமாகிப் போகும்போது, "அம்மா, இத எடுத்துடட்டுமா? நான் அங்க எடுக்கற போட்டோ எல்லாம் இங்க வந்து விழும்" என்று கேட்டாள். "இருந்துட்டுப் போகட்டும்டி, அப்பாவுக்கு உன் மூஞ்சியப் பாத்த மாதிரி இருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அப்படி அவள் போன் புகுந்த வீட்டில் இருந்துகொண்டு எங்கள் பின்னறையில் பேசிக்கொண்டிருந்தது.

என் கணவர் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். தீப்பெட்டி வாங்கினால்கூடப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார். நான் எழுதிய கையேட்டைக் கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று சிட்டு கேலி செய்வாள். "அப்பா படிக்கறதுக்காகவே அம்மா எழுதுறாங்க, அம்மா சம்பளத்துக்காக அப்பா படிக்கிறாரு." தப்புத் தராசு கிடைத்தால் அவர் கத்த மாட்டார். கடைக்காரரைத் திட்ட மாட்டார். சிவப்பு மையில் ஒரு குறி போட்டு ஓரமாக வைத்துவிடுவார். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முப்பது வருடத்தில் இரண்டு மூன்று மனிதர்களையும் அவர் அப்படி ஓரமாக வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய சொந்தத் தம்பி அதில் ஒருவர்.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. முகம் தெரியாத பயனர் ஒருவர் தன் பேத்தியின் படங்கள் இருந்த போல்டரைக் காணவில்லை என்று நம் குழுவில் எழுதியிருந்தார். படபடப்பில் எழுத்தெல்லாம் தாறுமாறாக இருந்தது. அவருக்கு நான் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது சிட்டு கூப்பிட்டாள்.

"அம்மா, நான் அங்க வந்துடட்டுமா?"

"என்னடி திடீர்னு?"

"திடீர்னு இல்லம்மா."

அவள் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தாள் என்பது உண்மைதான். ஒருமுறை கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்ட சமயம். இன்னொருமுறை, மூன்று நாள் யாரும் அவளோடு பேசாமல் இருந்த சமயம். நான் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டேன். ஆனால் கையில் வேலை இருந்தது. வேலையில் இருக்கும்போது எனக்குச் சின்ன வாக்கியங்கள்தான் வரும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. புதுசுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும். அப்பாகிட்ட சொல்லி அவரக் கலவரப்படுத்தாத."

அவளுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம் முடிந்திருந்தது.

"சரிம்மா" என்று வைத்துவிட்டாள். நான் அந்தப் பயனருக்கு அவருடைய போல்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் எனக்கு நாலு முறை நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா போன் செய்தார். மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஈரத் தரையைப் பற்றி எத்தனையோ எச்சரிக்கை எழுதியிருக்கிறேன், துடைத்த மாடிப்படி வழுக்கத்தான் செய்யும். அவள் போனும் அவளோடு விழுந்து நொறுங்கிவிட்டது என்றார் மாப்பிள்ளை.

சிட்டுவின் இறுதிக் காரியம் எல்லாம் முடிந்து வீடு வந்ததும் என் கணவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டார். "உன்கிட்ட எதாவது சொன்னாளா?"

"இல்லையே" என்றேன்.

ஒரு சொல். அதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த அத்தனையும் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான்.

மறுநாள் காலை இஸ்திரி போடப் பின்னறைக்குப் போனபோது பெட்டியில் கடைசியாக வந்து விழுந்தது என்ன என்று பார்த்தேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. குரல் பதிவு ஒன்று. ஐம்பத்தொரு நொடி. வியாழக்கிழமை, பதினொன்று ஐம்பத்திரண்டு. என்னோடு பேசி முடித்து இருபது நிமிடம் கழித்து அவள் தன் போனில் பேசிப் பதிவு செய்திருக்கிறாள். யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பலாமா வேண்டாமா என்று வைத்திருந்திருப்பாள். அவள் அனுப்பாவிட்டாலும் பெட்டி தானாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்படி இருப்பதுதான் வசதி என்று நம் குழுவில் வாதாடியவள் நான்.

போனைக் காதில் வைத்துக் கேட்டேன். "அப்பா, நான்தான். அம்மாகிட்ட பேசிட்டேன். அம்மா வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அதனால உங்ககிட்ட…" அங்கே நிறுத்திவிட்டேன். பதின்மூன்றாவது நொடி. இஸ்திரிப் பெட்டியை அவருடைய சட்டை மேலேயே வைத்துவிட்டிருந்தேன் போல. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சட்டையை அவர் கண்ணில் படாமல் ஒளித்தேன். அன்றிலிருந்து நான் ஒளிப்பதும் மறைப்பதுமாகவே இருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் பெட்டியைத் திறந்தார். சிட்டு பிறந்ததிலிருந்து வரிசையாகப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஏன் வரிசையாக என்று கேட்டேன்.

"கடைசியில இருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் போயிடுவா. முதல்ல இருந்து வந்தா கொஞ்ச நாள் கூடவே இருப்பா."

தினமும் மதியம் மூன்று மணிக்குப் பின்னறையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். ஐந்து மணிவரை. உட்கார்ந்ததும் முதலில் மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தன் நோட்டில் இருப்பதோடு ஒப்பிடுவார். பதினாலாயிரத்து இருநூற்று ஆறு. சரியாக இருந்தால் பென்சிலால் ஒரு டிக். பிறகு சிட்டு தத்தித் தத்தி நடப்பாள், பல் விழுந்து சிரிப்பாள், பள்ளி நாடகத்தில் மரமாக நிற்பாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் வளர வளரக் குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். ஒரு தாய்க்குத் தன் குழந்தை வளர்வதைக் கண்டு பயம் வரும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூன்று நாளைக்கு ஒரு மாதம் வீதம் அவள் அந்த வியாழக்கிழமையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நாள்காட்டியில் எண்ணிப் பார்த்துத் தேதியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன்.

நடுவில் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். அந்த வாரம்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர் எழுந்து மறுபடி உட்கார்ந்த நாள், காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், பின்னறையிலிருந்து அவள் குரல். "அப்பா, நான் சொல்றத அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." கையிலிருந்த பை நழுவித் தக்காளியெல்லாம் தரையில் உருண்டது. அவர் எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "உன் பிறந்தநாளுக்குச் சேலை எடுத்து ஒளிச்சு வச்சோமே, அப்ப எடுத்தது. கேட்டியா?" என்றார். குனிந்து தக்காளியைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். நான் ஒரே தக்காளியை எடுத்து எடுத்துக் கீழே விடுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் முடிவு செய்தேன்.

அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீக்கினால் முதல் பக்கத்திலேயே "சமீபத்தில் நீக்கியவை" என்று பெரிதாகத் தெரியும், பக்கத்திலேயே "மீட்டெடு" என்ற பச்சைப் பட்டன். தெரியாமல் நீக்கிவிட்டு அழுகிறவர்களுக்காக அதை அவ்வளவு பெரிதாக்கியது நான். அந்தப் பட்டியலிலிருந்தும் ஒழித்துக்கட்டினால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், நோட்டில் டிக் விழாது. அதன் இடத்தில் வேறொரு பதிவை அதே பெயரில் வைத்தால், எந்தக் கோப்பு மாறினாலும் ஞாயிறு காலை அவர் பெயருக்கு ஒரு பட்டியல் வரும். அந்த யோசனையும் என்னுடையதுதான். ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லாதபடி நானே அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். எல்லாவற்றையும் எடுக்க மட்டும் ஒரு வழி இருந்தது.

பழைய திரையை உங்களுக்கு நினைவிருக்கும். டிஸ்க் மாற்றும்போது, எதிலிருந்து எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கும். தவறான திசையில் எழுதினால் எல்லாம் அழிந்துவிடும் என்று சிவப்பில் ஆறு வரி. அதற்குக் கீழே, உங்கள் படங்கள் இருக்கும் டிஸ்க்கின் எண்ணில் கடைசி நாலு இலக்கத்தை எழுதினால்தான் பட்டனே உயிர்பெறும். மக்கள் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்தார்கள், அது உண்மை. பயந்துபோய்ப் புது டிஸ்க்கை மாதக்கணக்கில் மேசை மேலேயே வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் என் கணவர் பயப்பட மாட்டார். அவர் அந்த ஆறு வரியையும் இரண்டு தடவை படிப்பார். நாலு இலக்கத்தையும் சரியாக எழுதுவார். ஏற்கெனவே நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். அவரைத் தவறாக அமுக்க வைக்க வேண்டுமானால் படிப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு திரை வேண்டும்.

அதைத்தான் செய்தேன். நடுவில் பெட்டியின் படம், கீழே "சரிசெய்" என்று ஒரே பட்டன். எதிலிருந்து எதற்கு என்ற கேள்வி கிடையாது. மேல் அறையில் இருப்பதைப் பார்த்துக் கீழ் அறையில் எழுதும், எப்போதும். தூசி கீழேதான் சேரும், பெரும்பாலும் கீழ் டிஸ்க்தான் கெடுகிறது என்று காரணம் எழுதினேன். முழுப் பொய் இல்லை. பத்தொன்பது நாள் எல்லோர் பார்வைக்கும் கிடந்தது. இரண்டு பேர் சரிபார்த்தார்கள். "இதைவிட எளிமை சாத்தியமில்லை" என்றார் ஒருவர். "என் மாமியார்கூடச் செய்துவிடுவார்" என்றார் இன்னொருவர். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நம் வழக்கப்படி யார் மேலும் இல்லை.

ஏன் ஊருக்கெல்லாம் மாற்ற வேண்டும், எங்கள் பெட்டியில் மட்டும் மாற்றியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். பிறகு அவர் யாரிடமாவது கேட்டால், "ஆமாம், அந்த அப்டேட்டில் கோளாறு, எங்களுக்கும் போய்விட்டது" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். நாலு பேர் போதும் என்றுதான் நினைத்தேன்.

புதிய பதிப்பு வந்த நாலாம் நாள், அவர் பல் டாக்டரிடம் போயிருந்தபோது மேல் அறை டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாதியாகச் செருகினேன். அதற்கு ஒன்றுமில்லை, நல்ல டிஸ்க். பெட்டியில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. திரும்பி வந்தவர் அதைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. அதுக்குத்தானே ரெண்டு" என்றேன்.

கழற்றியதைப் பழைய மின்பொருள் வாங்கும் கடைக்கு நானே எடுத்துப் போனேன். எதிரிலேயே துளை போட்டுக் காட்டினார்கள். யாருடைய படமும் யார் கையிலும் சிக்கக் கூடாது என்று அங்கே அப்படி ஒரு வழக்கம், நல்ல வழக்கம். எட்டு துளை. வரும் வழியிலேயே புதிய டிஸ்க்கை வாங்கினேன்.

அவரே செருகினார், மேல் அறையில். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரை முன்னால் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"படிக்க ஒண்ணுமே இல்லையே."

"அதான் இப்ப சுலபமாக்கியாச்சு."

"நம்பர் கேக்கும்னு எழுதி வச்சிருந்தேனே."

"இப்பல்லாம் கேக்காது."

"இந்தத் திரை நீ பண்ணதா?"

"ஆமா."

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப சரி" என்று அமுக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் படிக்காமல்.

மூன்று மணி நாற்பது நிமிடம் ஆனது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருப்பவரைப் போல. நான் இரண்டு முறை டீ போட்டுக் கொடுத்தேன். முதல் முறை நிறுத்தியிருக்க முடியும், பாதிக்கு மேல் அப்போது இருந்தது. இரண்டாம் முறையும் கொஞ்சம் இருந்தது. கடைசியில் நான் எழுதிய வாக்கியம் வந்தது. "உங்கள் பெட்டி நலமாக உள்ளது." அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைப் பார்த்தார்.

பூஜ்யம் என்று இருந்தது.

அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். "நான் என்னமோ பண்ணிட்டேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் எதையோ உடைத்துவிட்ட பையனின் குரல். "நீங்க ஒண்ணும் பண்ணல" என்றேன். அவரிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுதான் பெரியது. அவர் நம்பவில்லை.

முதல் புகார் ஆறாம் நாள் வந்தது. ஒரு கண் மருத்துவர், பிறகு பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண், அவருடைய இருபது வருட மாணவர்கள் பாடியது அத்தனையும். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் போட்டு, "அவசரமில்லை" என்ற வரிசையில் அந்தப் புகார்களை வைத்தேன். அடுத்த நாளே மாற்றத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் கேள்வி வந்திருக்கும். மூன்று வாரம் விட்டுவைத்தேன். உங்கள் பட்டியலில் உள்ள பதினோரு வீட்டில் ஏழு, எங்கள் வீட்டுக்குப் பிறகு நடந்தவை. அந்த ஏழு பேருக்கும் தனித்தனியாக ஆறுதல் எழுதினேன். இசை ஆசிரியை, என் கடிதம்தான் தன்னைத் தூங்க வைத்தது என்று பதில் எழுதினார்.

இப்போது என் கணவர் எதையும் அமுக்குவதில்லை. லிப்டில் நின்றுகொண்டு யாராவது வரட்டும் என்று காத்திருக்கிறார். வெளியே போய்த் திரும்பினால் அழைப்பு மணியை அமுக்காமல் வாசலிலேயே நிற்கிறார். நான் குப்பை போடக் கதவைத் திறந்தால் நிற்பது தெரியும். விசிறி போட என்னைக் கூப்பிடுகிறார். மூன்று மணியானால் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவ குரல் எப்படி இருக்கும்னு சொல்லேன்" என்கிறார். நான் சொல்கிறேன். கொஞ்சம் கரகரப்பு, வாக்கியம் முடியும்போது லேசாக ஏறும் என்கிறேன். சில நாள் அவள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன். அவருக்கு அது பிடித்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. என்னைத் தவிர அவருக்கு இப்போது வேறு யாருமில்லை.

போன மாதம் ஒரு அம்மாள் போன் செய்தார். எங்கள் மாப்பிள்ளைக்குத் தன் பெண்ணைக் கேட்கிறார்களாம். நீங்கள்தான் அந்த வீட்டோடு பழகியவர்கள், பையன் எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நல்ல பையன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு இந்த வீட்டில் எந்த ஆதாரமும் இல்லை. அந்த அம்மாளுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது, அவர் பெண்ணாக இருக்க வேண்டும். போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குக் குளிரெடுத்தது. வேனல் காலம்.

நீங்கள் கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டேன். திருத்தாமல் அப்படியே வெளியிடலாம். நீளமாக இருப்பதால் யாரும் கடைசிவரை வரமாட்டார்கள். என் கணவர் இப்போது திரை எதையும் பார்ப்பதில்லை.

முழு விவரம் கேட்டிருந்ததால் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிவிடுகிறேன். எல்லாமே அழிந்தது என்பது சரியல்ல. அந்த முதல் நாள், இஸ்திரி மேசை அருகில் நின்று கேட்டபோது அந்தப் பதிவு என் போனுக்கும் இறங்கியிருந்தது. ஐம்பத்தொரு நொடி. என் பெண்ணின் குரலில் உலகத்தில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அவர் கொஞ்சம் தேறியதும் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நான் இன்னும் பதின்மூன்றாவது நொடியைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. மிச்சம் முப்பத்தெட்டு நொடியில் அவள் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டாள். என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா.